நெட் இல்லாத 14 கணினிகள்: விஎஸ் கோட் ஏறிவிட்டது, எக்ஸ்டென்ஷன் ஏறமாட்டேன் என்கிறது

பிறை_சனிக்கிழமை | சனி, இரவு 10.40

வணக்கம். பினாங்கின் பிறை நகரில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். இடைநிலைப் பள்ளி, படிவம் 1 முதல் 5 வரை ஏறக்குறைய 20 பேர். கணினிகள் 14. ஆறு, ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்டவை. மூன்று, மூடிவிட்ட டியூஷன் சென்டர் கொடுத்தது. இந்த ஒன்பதிலும் விண்டோஸ் 10, 64 பிட். மிச்சம் ஐந்தும் விண்டோஸ் 7, அதில் இரண்டு 32 பிட். அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

மண்டபத்தில் இன்டர்நெட் கிடையாது. பின்கட்டில் கைத்தொலைபேசி லைனே ஒரு கோடு, இரண்டு கோடுதான். ஒரு தடவை என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். பத்தாவது கணினிக்கு மேல் ஒட்டவில்லை. ஒட்டியவை எல்லாம் ஒரே நேரத்தில் விண்டோஸ் அப்டேட்டை இழுக்க ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மாத டேட்டாவை முடித்துவிட்டன.

இன்று நடந்தது இது. வீட்டில், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போனேன். விண்டோஸ் 10 கணினிகளில் எடிட்டர் இரண்டு நிமிடத்தில் ஏறியது. ஒவ்வொரு மொழிக்கும் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்தால் மேலே நீலக் கோடு ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் பிழை. சரி, பைதான் கோப்பையாவது திறந்து காட்டுவோம் என்று திறந்தேன். எழுத்துகள் கலர் கலராக வந்தன. ஓட்டும் பொத்தான் இல்லை, தவறு காட்டும் சிவப்புக் கோடு இல்லை. முன் வரிசையில் ஒரு பையன், "டீச்சர், இது கலர் போட்ட நோட்பேட்தானே?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு வேண்டியது மூன்றுதான். எல்லாருக்கும் பைதான். சின்னப் பிள்ளைகளுக்கு எச்டிஎம்எல், எழுதிய பக்கத்தை உலாவியில் உடனே காட்டும் லைவ் சர்வரோடு. படிவம் 5 பையன்கள் இரண்டு பேருக்கு சி++. அடுத்த சனிக்குள் தயாராக வேண்டும். வீட்டில் விண்டோஸ் 11 மடிக்கணினியும் நல்ல வைஃபையும் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.


தீவுக்காரன் | சனி, இரவு 11.15

இவ்வளவு கஷ்டம் எதற்கு? இங்கே தீவில், கிரீன் லேனில் டிஜிட்டல் நூலகம் இருக்கிறது, வைஃபை இலவசம், குளுகுளு என்று இருக்கும். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.


பிறை_சனிக்கிழமை | சனி, இரவு 11.22

20 பிள்ளைகளையும் 14 கணினியையும் பாலத்தைக் கடந்து கொண்டுவர நீங்கள் லாரி அனுப்பினால் நாளைக்கே வருகிறேன்.


மின்பலகை | ஞாயிறு, காலை 9.05

அக்கா, நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கணினிகளை வெளி நெட்டோடு சேர்க்கவே கூடாது என்பது சட்டம். ஆறு வருடமாக இதே பாடுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பசியாறிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் இறக்கியது 'யூசர் இன்ஸ்டாலர்' வகை. அதில் குற்றமில்லை, அட்மின் கடவுச்சொல்கூடக் கேட்காது. ஆனால் அது ஒவ்வொரு கணினியிலும் அந்தந்தப் பயனரின் ஃபோல்டருக்குள் போய் உட்காரும், எக்ஸ்டென்ஷன்களும் தனித்தனியாக அங்கேதான். 9 கணினியில் 9 தடவை அதே வேலை. அதை விடுங்கள். அதே இறக்கப் பக்கத்தில் 'ஜிப்' என்று ஒன்று இருக்கும், 64 பிட்டுக்கு அதை எடுங்கள். விரித்ததும் அந்த ஃபோல்டருக்குள், கோட் என்ற நிரல் இருக்கும் இடத்திலேயே, 'டேட்டா' என்ற பெயரில் வெறும் ஃபோல்டர் ஒன்று போடுங்கள். பெயரை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் வையுங்கள். அவ்வளவுதான். இனிமேல் எக்ஸ்டென்ஷன், செட்டிங்ஸ் எல்லாம் அந்த 'டேட்டா'வுக்குள்ளேயே போகும். இதை போர்ட்டபிள் மோட் என்பார்கள். இன்ஸ்டாலர் போட்ட விஎஸ் கோடில் இது நடக்காது, ஜிப்பில் மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்டென்ஷனை மண்டபத்தில் ஏற்றாதீர்கள். வீட்டிலேயே, வைஃபையோடு, இந்த போர்ட்டபிள் விஎஸ் கோடில் பைதான், லைவ் சர்வர், சி/சி++ மூன்றையும் வழக்கம்போலப் பொத்தானை அமுக்கி ஏற்றிவிடுங்கள். பைதான் தன்னோடு பிழை தேட உதவும் டீபக்கர், எழுதும்போதே தவறு காட்டும் பைலான்ஸ் என்று கூட்டாளிகளை இழுத்து வரும். நெட் இருந்தால் எல்லாம் தானாக வரும், நெட் இல்லாத இடத்தில் இந்தக் கூட்டாளிகள்தான் காலை வாருவார்கள். பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே மண்டபத்துக் கணினிகளுக்கு நகல் எடுத்தால் போதும்.

ஆனால் நகல் எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டால் மறுபடி அதே பையனிடம் மாட்டுவீர்கள். சில எக்ஸ்டென்ஷன்கள் ஏறும்போது முழுதாக வருவதில்லை. முதல் தடவை அந்த வகைக் கோப்பைத் திறக்கும்போதுதான் மிச்சத்தை நெட்டிலிருந்து இழுக்கும். அதனால் ஒரு பைதான் கோப்பு, ஒரு சி++ கோப்பு, ஒரு எச்டிஎம்எல் கோப்பு எழுதி, வைஃபை இருக்கும்போதே திறந்து, ஓட்டி, அப்புறம் மூடுங்கள். அடுத்து உங்கள் விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறங்கள். வைஃபையை அணையுங்கள். அந்தப் புதுக் கணக்கில் நுழைந்து, அதே ஃபோல்டரிலிருந்து விஎஸ் கோடைத் திறந்து, அந்த மூன்று கோப்பையும் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று உங்கள் பழைய கணக்கின் மூலை முடுக்கில் ஒளிந்துகொண்டு வேலை செய்திருந்தால் இங்கே பல்லிளித்துவிடும். ஓடினால் மண்டபத்திலும் பெரும்பாலும் ஓடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அவமானப்பட்டுத்தான். எங்கள் இடத்தில் ஒரு பென்டிரைவ் உள்ளே போக வேண்டுமென்றால் படிவம் நிரப்பி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து வர ஒரு வாரம் ஆகும். முதல் தடவை சி++ எக்ஸ்டென்ஷனை, நெட் இல்லாமல் ஏற்ற உதவும் விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக எடுத்துப் போனேன். அது கணினி வகைக்கு ஏற்ப வேறு வேறு கோப்பாக வரும் என்று தெரியாமல் ஏஆர்எம் 64 என்ற வேறு வகைச் சிப்புக்கானதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். கோப்பின் பெயர் கடைசியில் எழுதியிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. 'உன் கணினிக்கு இது பொருந்தாது' என்று ஒரே வரிதான் வந்தது. திரும்ப ஒரு வாரம். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னும் இரண்டு சாமான் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் போட்டால் மொழி வந்துவிடாது. பைதானின் முழு இன்ஸ்டாலரை பைதான் தளத்திலிருந்து எடுத்து ஒவ்வொரு கணினியிலும் போடுங்கள். முதல் திரையிலேயே 'பாத்'தில், அதாவது கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்கவேண்டாம். சி++க்கு, எழுதியதை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் வேண்டும். வின்லிப்ஸ் என்ற தளத்தில் மிங்டபிள்யூ என்ற கம்பைலரை ஒரே ஜிப்பாகக் கொடுக்கிறார்கள், விரித்து வைத்து 'பாத்'தில் சேர்த்தால் போதும், நெட் கேட்காது. அதை நேராக டிரைவின் முதல் மட்டத்திலேயே வையுங்கள். பெயரில் இடைவெளியும் வேண்டாம், தமிழும் வேண்டாம். நம் மொழி மேல் எனக்கும் பாசம் உண்டு, பழைய கம்பைலர்களுக்கு இல்லை.

செட்டிங்ஸில் 'அப்டேட் மோட்' என்று தேடி 'நன்' ஆக்குங்கள், எக்ஸ்டென்ஷன்களின் தானியங்கி அப்டேட்டையும் அணையுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஹாட்ஸ்பாட் போட்ட அன்று உங்கள் டேட்டாவுக்கு மறுபடி சங்குதான். புதிய பதிப்புகளில் வலப்பக்கம் ஏஐ சாட் பட்டை ஒன்று திறந்துகொண்டு உள்நுழையச் சொல்லும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் தட்டுவார்கள். 'டிசேபிள் ஏஐ' என்று தேடினால் அதையும் மூடலாம்.


கம்பத்துக்கடை | ஞாயிறு, மதியம் 1.30

பட்டர்வொர்த்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தம்பி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அந்த ஐந்து விண்டோஸ் 7 பெட்டிகளை அவர் தொடவே இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் பழசைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டீச்சர், இப்போது இறக்கும் விஎஸ் கோட் விண்டோஸ் 7-இல் ஓடாது. 2022-இல் வந்த 1.70 வரிசைதான் அதற்குக் கடைசி. 32 பிட் விண்டோஸுக்கு 1.83 கடைசி, ஆனால் உங்கள் 32 பிட் பெட்டி இரண்டும் விண்டோஸ் 7 என்பதால் அங்கும் 1.70-தான். சரி, பழைய பதிப்பைத் தேடி இறக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைய எக்ஸ்டென்ஷன்கள் அதில் உட்காரா. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தனக்குக் குறைந்தது எந்த விஎஸ் கோட் வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்திருக்கும். விஎஸ்ஐஎக்ஸ் என்பது பெயர் மாற்றிய ஜிப்தான், 7-ஜிப்பில் திறந்து பேக்கேஜ் கோப்பில் 'என்ஜின்ஸ்' வரியைப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்து எக்ஸ்டென்ஷன் பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தலாம். நான் ஒரு வாடிக்கையாளருக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். இரண்டு இரவு போச்சு, 40 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்.

பைதானும் அப்படித்தான், விண்டோஸ் 7-க்கு 3.8 கடைசி. 3.9 ஏறவே ஏறாது.

என் யோசனை: அந்த ஐந்தில் விஎஸ் கோடை மறந்துவிடுங்கள், தானி போடுங்கள். எஸ்தோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பைதான் எடிட்டர், படிக்கும் பிள்ளைகளுக்கென்றே செய்தது. தன் பைதானைத் தானே வயிற்றில் சுமந்துகொண்டு வரும், எக்ஸ்டென்ஷன் தொல்லை இல்லை. விண்டோஸ் 7-க்கென்று 32 பிட் பைதான் 3.8 வைத்த இன்ஸ்டாலர் தனியாகவே கொடுக்கிறார்கள். படிவம் 1, 2 பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஒவ்வொரு வரியாக ஓட்டி மாறிகள் எப்படி மாறுகின்றன என்று காட்டும். விஎஸ் கோடில் அதைக் காட்ட நீங்கள் டீபக்கர் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பென்டிரைவ் எத்தனை கணினிக்குப் போகிறதோ அத்தனை கணினியின் வைரஸும் வீட்டுக்கு வரும். ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட் ஆகிவிட்டால் அதைத் தட்டவேண்டாம். நெட் இல்லாத கணினியில் ஆன்டிவைரஸும் பழசாகத்தான் இருக்கும்.


பச்சைப்பாம்பு | ஞாயிறு, மாலை 6.10

நான் விஎஸ்கோடியம் பக்கம். மைக்ரோசாஃப்டின் தகவல் சேகரிப்பு இல்லாமல் கட்டிய அதே எடிட்டர், எக்ஸ்டென்ஷன்கள் ஓப்பன் விஎஸ்எக்ஸ் தளத்திலிருந்து வரும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பைலான்ஸும் மைக்ரோசாஃப்டின் சி/சி++ எக்ஸ்டென்ஷனும் அவர்களுடைய சொந்த எடிட்டரில் மட்டும் பயன்படுத்தத்தான் உரிமம் தருகின்றன. சி++க்குக் கிளாங்டி, பைதானுக்கு ஜெடி என்று மாற்று இருக்கிறது. சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றால் மின்பலகை சொன்ன வழியே போங்கள்.


பிறை_சனிக்கிழமை | அடுத்த சனி, இரவு 11.50

எல்லாருக்கும் நன்றி. கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

புதன் இரவு வீட்டில் எல்லாவற்றையும் தயார் செய்தேன். தம்பி சொன்னபடி புதுக் கணக்கு திறந்து, வைஃபையை அணைத்துப் பார்த்தேன். சி++ ஓடவில்லை! கம்பைலரின் 'பாத்'தை என் கணக்குக்கு மட்டும் சேர்த்திருந்தேன், கணினி முழுமைக்கும் சேர்க்கவில்லை. இது மண்டபத்தில் தெரிந்திருந்தால் பிள்ளைகள் முன்னால் திருதிரு என்று விழித்திருப்பேன். அப்புறம் லைவ் சர்வரில் என் மாதிரிப் பக்கம் அழுது வடிந்தது. நான் பக்கத்தை அலங்கரிக்கும் பூட்ஸ்ட்ராப்பையும் கூகுள் எழுத்துருவையும் நெட் முகவரியிலிருந்து இழுத்திருக்கிறேன், அது எப்படி வரும்? பூட்ஸ்ட்ராப் கோப்பை இறக்கிப் பக்கத்திலேயே வைத்தேன். எழுத்துருவை நீக்கிவிட்டேன்.

காலை ஏழரைக்கே மண்டபம் போய்விட்டேன். முதல் கணினிக்கு விரித்த ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தேன். குட்டிக் குட்டிக் கோப்பு ஆயிரக்கணக்கில். 25 நிமிடம் ஓடியது. நடுவில் பூசாரி ஐயா பால் சேர்க்காத தே ஓ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னுமா ஓடுது?" என்றார். இரண்டாவது கணினியிலிருந்து மொத்தத்தையும் ஒரே ஜிப்பாக்கி, அந்த ஒரு கோப்பை நகல் எடுத்து, அங்கேயே 7-ஜிப்பில் விரித்தேன். ஆறு நிமிடம்தான். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்!

பத்து மணிக்கு ஒன்பதும் தயார். விண்டோஸ் 7 ஐந்திலும் தானி. 32 பிட் பெட்டியில் திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது, திறந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பதினொன்றரைக்கு மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. கணினிகள் எழுந்தன. டியூஷன் சென்டர் கொடுத்த மூன்றிலும் விஎஸ் கோடும் இல்லை, பைதானும் இல்லை, பிள்ளைகள் எழுதியதும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பெண் பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது, அவள் அதுவரை பெருக்கல் வாய்ப்பாடு 12 வரை அடித்து வைத்திருந்தாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.


கம்பத்துக்கடை | ஞாயிறு, காலை 8.20

டீச்சர், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் வரும் ஐகான்களில், நீங்கள் போடாத ஏதாவது இருக்கிறதா பாருங்கள். டியூஷன் சென்டர், சைபர் கஃபே பெட்டிகளில் உறைய வைக்கும் மென்பொருள் ஒன்று போட்டிருப்பார்கள். மாணவர்கள் என்ன செய்தாலும், ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்கே போய்விடும். கடவுச்சொல் இல்லாமல் கழற்ற முடியாது. பழைய முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும். ஆனால் பெரும்பாலும் சி டிரைவை மட்டும்தான் உறைய வைப்பார்கள். டி டிரைவ் இருந்தால் அது பிழைத்திருக்கும்.


மின்பலகை | ஞாயிறு, காலை 8.45

அண்ணன் சொல்வதுதான் என்றால், போர்ட்டபிள் ஃபோல்டர், வின்லிப்ஸ், பிள்ளைகளின் கோப்புகள் மூன்றையும் டி-இல் வையுங்கள் அக்கா. பைதானையும் டி-க்குள்ளேயே இன்ஸ்டால் செய்யலாம். 'பாத்' மட்டும் ரீஸ்டார்ட்டில் மறந்துபோகும், ஆகவே விஎஸ் கோடில், நிரலை ஓட்டும் இன்டர்பிரட்டரை டி-யில் இருக்கும் பைதானுக்கே நேராகக் காட்டிவிடுங்கள். அந்தத் தேர்வு டி-இல் நிற்கும்.


பிறை_சனிக்கிழமை | ஞாயிறு, இரவு 7.30

மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஐகான் இருக்கிறது, மூன்றிலும். டி டிரைவும் இருக்கிறது! எல்லாவற்றையும் டி-க்கு மாற்றி, நானே இரண்டு தடவை மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். நிற்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்தப் பெண் பிள்ளை வாய்ப்பாட்டைத் தமிழில் அச்சிட வேண்டும் என்கிறாள். கோப்புக்குள் 'பெருக்கல்' என்று ஒழுங்காகத்தான் தெரிகிறது. கீழே விடை வரும் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கிறது.


மின்பலகை | ஞாயிறு, இரவு 7.52

டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கும், நம் கொம்பும் காலும் அதற்குள் அடங்காது. உங்கள் நிரலில் தவறில்லை. அச்சிடுவதற்குப் பதிலாக, தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 கோப்பில் எழுதச் சொல்லுங்கள், அதை எடிட்டரிலேயே திறந்தால் சரியாக வரும். இன்னும் நன்றாக இருக்க வேண்டுமென்றால் எச்டிஎம்எல் கோப்பாக எழுதி லைவ் சர்வரில் காட்டட்டும். பூட்ஸ்ட்ராப்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, அட்டவணை அழகாக வரும்.